இந்த வார பல்பு

மெஹபூப் பாஷா இப்போதெல்லாம் கடையில் பல்பு என்ற சொல்லை வாயால் சொல்வதில்லை. ராயப்பேட்டையில் இத்தனை வருஷமாக எலெக்ட்ரிகல் கடை நடத்துகிறவருக்கு இது லேசுப்பட்ட காரியமா? யாராவது வந்து, "பாய், ஒரு ஒன்பது வாட் பல்பு குடுங்க" என்று நின்றால், "லைட்டா? வெள்ளையா, மஞ்சளா?" என்று கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அட்டைப்பெட்டியைத் துழாவுகிறார். ஹோல்டரில் மாட்டி எரியவைத்துக் காட்டும்போது அந்த வெளிச்சத்தில் அவருக்குக் காது மடல்வரை சூடாகிறது. வாங்க வந்தவருக்கு ஒன்றும் தெரியாது. இவருக்குத் தெரியும், அது போதாதா?

வெள்ளிக்கிழமைதோறும் குடும்பத்துக்கு அவர் போனில் பேசி அனுப்புகிற நியூஸும் நின்றுவிட்டது. "பாய், ஒடம்புகிடம்பு சரியில்லையா? ஏன் சத்தத்தையே காணோம்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். தொண்டை கட்டிக்கொண்டதாகச் சொல்கிறார். அந்தத் தொண்டை கட்டுகிற தொண்டை இல்லை என்று ஊருக்கே தெரியும்.

மனிதர் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேற்கொண்டு கேட்டால் உங்களுக்கு அப்படித் தோன்றக்கூடும். வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான். அந்த வாயால்தான் கடை ஓடியது. ஸ்விட்ச் வாங்க வந்தவன் சிரித்துச் சிரித்து ஃபேனும் வாங்கிக்கொண்டு போவான். வீட்டில் பேசுவது உருது. ஆனால் நக்கல் என்று வந்துவிட்டால் அவருக்குச் சென்னைத் தமிழ்தான் வரும். உருதுவில் கிண்டல் செய்தாலும் மரியாதையாகப் போய்விடுகிறது என்பார்.

குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. பெயர்தான் குரூப், விடிந்தால் ரோஜாப்பூ படம், வெள்ளிக்கிழமையானால் ஜும்மா முபாரக், வேறொன்றும் கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, மெஹபூப் பாஷா கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி உட்கார்ந்து மைக் பொத்தானை அழுத்தினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். ராயப்பேட்டைலேர்ந்து பாஷா பேசறேன். எல்லாரும் சோறு துன்னுட்டீங்களா? துன்னாதவங்க துன்னுட்டு வந்து கேளுங்க, சிரிச்சா பசிக்கும். மொதல்ல ஊர் நியூஸ். மெட்ரோக்குத் தோண்டுன பள்ளத்துல இந்த வாரம் ஒரு ஆட்டோ, ஒரு மாடு, ஒரு தலைவரோட வாக்குறுதி மூணும் வுழுந்துச்சு. ஆட்டோவையும் மாட்டையும் தூக்கிட்டாங்க. அடுத்து வெளாட்டு. சேப்பாக்கத்துல நம்மாளுங்க தோத்துட்டாங்க. பிட்ச் சரியில்லியாம். எங்க வூட்டுலயும் பிரியாணி அடி புடிச்சா அமீனா அடுப்பதான் திட்டும்."

இப்படி ஊர், விளையாட்டு என்று சுற்றிவிட்டுக் கடைசியில் குடும்பச் செய்திக்கு வருவார். அதற்கு முத்தாய்ப்பு ஒரு பரிசு. சென்னையில் அசடு வழிந்து நின்றவனைப் பல்பு வாங்கினான் என்பார்கள் அல்லவா? அந்த வாரம் குடும்பத்தில் யார் அப்படி நின்றார்களோ அவர்களுக்கு 'இந்த வார பல்பு'. சும்மா பெயருக்கு இல்லை, நிஜமாகவே கடையிலிருந்து ஒரு பல்பு. முதல் பல்பை வாங்கியவர் அவர் மனைவி அமீனா பீயின் தம்பி ஹபீபுர் ரஹ்மான். தி.நகரில் மண்டபம் மாறிப் போய், யாரோ ஒருவர் கல்யாணத்தில் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டு, முன்பின் தெரியாத மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துத் துவா செய்துவிட்டு வந்தவர். அவரே விழுந்து விழுந்து சிரித்தார். அவர் வீட்டுப் படிக்கட்டில் இன்றைக்கும் எரிவது அந்தப் பல்புதான்.

எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. துபாயில் இருக்கும் மகன் ஃபராஸ், "அப்பா, இங்க வெள்ளிக்கிழமை உங்க குரலைக் கேட்டாதான் லீவு மாதிரியே இருக்கு" என்றான். அதைக் கேட்டதிலிருந்து மெஹபூப் பாஷாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாரம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு திரிய ஆரம்பித்தார். யார் எதைச் சொன்னாலும் ஒரு காதில் அது விஷயமாக விழும், மறு காதில் வெள்ளிக்கிழமைச் செய்தியாக விழும்.

மகள் அஃப்ரா படிப்பை முடித்து, அந்த வருஷம்தான் ஆழ்வார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்திருந்தாள். அவளை அவர் 'பேட்டி' என்றுதான் கூப்பிடுவார். உருதுவில் மகள். தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்பதை வைத்து, "இப்ப நம்ம பேட்டியோட பேட்டி" என்று நியூஸில் ஒரு பகுதியே நடத்திக்கொண்டிருந்தார். அஃப்ரா அதிகம் பேசாத பெண். அவள் சொன்னது பாதி, இவர் சேர்த்தது பாதி.

சேர்ந்த முதல் வாரம், சாயங்காலம் ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தபோது, பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு காதருகே மெல்லச் சொன்னாள்.

"அப்பா, இன்னிக்கு எனக்குப் பேச்சே வரலப்பா. எட்டாவது பசங்க. சைலன்ஸ்னு சொன்னேன், சைலன்ட் ஆயிட்டாங்க. எல்லாரும் என்னையே பாக்கறாங்க. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை வரல. பெல் அடிக்கற வரைக்கும் போர்டு பக்கம் திரும்பி நின்னுக்கிட்டே இருந்தேன். அப்புறம் பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதேன், சத்தம் வெளிய கேக்கக்கூடாதுன்னு. அம்மாகிட்ட சொல்லாதீங்க. வேலையே வேணாம்னுடுவாங்க."

அந்த நேரத்தில் அவர் அப்பாவாகத்தான் இருந்தார், அதில் சந்தேகமில்லை. வண்டியை ஓரம்கட்டி, சூடாக சமோசா வாங்கிக்கொடுத்து, "நான் மொத மொதல்ல ஃபேன் மாட்டினப்போ அது தலைகீழா சுத்துச்சு பேட்டி. வூட்டுக்காரம்மா முந்தானை மேல பறக்குது. பயந்துட்டு ஏணியவே வுட்டுட்டு ஓடியாந்துட்டேன். மொதல்ல எல்லாருக்கும் அப்டிதான்" என்றார். அவள் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். அதோடு விட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை வந்தது. அந்த வாரம் ஊரில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மேட்ச்சும் மழையில் போயிற்று. மெஹபூப் பாஷா பாதி ஷட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து யோசித்தார். வாயில் வேறெதுவும் வரவில்லை, அதுதான் வந்தது.

"நம்ம பேட்டி க்ளாஸுக்குள்ள போய் சைலன்ஸ்னுச்சு. பசங்க சைலன்ட் ஆயிட்டாங்க. அப்புறம் பாத்தா டீச்சரும் சைலன்ட்டு! பெரிய மிஸ் எட்டிப் பாத்துட்டு, யாரு மவுத்தாயிட்டாங்க, மவுன அஞ்சலியான்னு கேட்டுகினு போறாங்க. அப்பறம் பாத்ரூம்ல போயி, கொழாயத் தொறந்து வுட்டுட்டு ஒரே அழுவ. ஏம்மா, மெட்ரோ வாட்டரே நாள் வுட்டு நாள்தான் வருது, அதையும் தொறந்து வுட்டுட்டு அழுதா ஊரு இன்னாத்துக்கு ஆவும்? இந்த வார பல்பு, அஃப்ரா மிஸ்ஸுக்கு!"

பெரிய மிஸ் எட்டிப்பார்க்கவே இல்லை. அது இவர் சேர்த்தது. அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்று அவள் கேட்டதையும் ஒரு விதத்தில் காப்பாற்றினார். அமீனா பீயிடம் சொல்லவில்லை, அமீனா பீ இருக்கிற குரூப்பில்தான் சொன்னார்.

சிரிக்கிற முகங்களாக வந்து கொட்டின. அஃப்ராவும் ஒரே ஒரு சிரிக்கிற முகத்தைப் போட்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு நிம்மதி. அமீனா பீ மட்டும் சாயங்காலம், "ஏங்க, அது அந்தப் புள்ள உங்ககிட்ட மட்டும் சொன்னதா?" என்று கேட்டாள். "அட, அவளே சிரிச்சிருக்கா, நீ வேற" என்று சொல்லிவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த பல்பை மகள் அறையில் மாட்டி, ஸ்விட்சைப் போட்டுக் காட்டினார். நல்லா இருக்குப்பா என்றாள் அஃப்ரா.

அடுத்த நாள் ஹபீபுர் ரஹ்மான் போன் செய்தார். "பாய், எங்க ஃபிளாட்காரங்க உங்க நியூஸ்னா உசுர வுடறாங்க. நம்ம பொண்ணோடது டாப்பு. அவங்க குரூப்ல போட்டுடட்டா?"

"போடு, போடு. நல்லா சிரிக்கட்டும்" என்றார் மெஹபூப் பாஷா. கேட்காமல் போட்டிருந்தால்கூட மச்சினன் மேல் பழியைப் போட்டிருக்கலாம். அவர் கேட்டுத்தான் போட்டார்.

கொஞ்ச நாள் கழித்து அஃப்ரா, "அப்பா, நீங்க கேட்கிட்ட வர வேணாம். தெருமுனை மெடிக்கல் ஷாப்கிட்டயே நில்லுங்க, நான் நடந்து வந்துடறேன்" என்றாள். பழைய ஸ்கூட்டரைப் பார்த்து மகளுக்குக் கௌரவக் குறைச்சல் என்று நினைத்துக்கொண்டார். மனசில் லேசாகக் குத்தியது. ஆனால் அந்த வார நியூஸில் அதையும் வைத்து ஸ்கூட்டருக்கே ஒரு பல்பு கொடுத்துவிட்டார். பெரிய தண்ணீர் பாட்டில் ஒன்றை அவள் தினம் சுமந்து போவதைப் பார்த்து, "எங்க வூட்ல ஒரு ஒட்டகம் வளருது" என்று இன்னொரு வாரம் சொன்னார். யாரும் சிரிக்காமல் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தத் தெருமுனையில் தடுப்பு வைத்துத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். போலீஸ்காரர் வண்டியை நிறுத்தவிடவில்லை. வேறு வழியில்லாமல் மெஹபூப் பாஷா பள்ளிக்கூட கேட்டுக்கே போய் நின்றார். வேனுக்காகக் காத்திருந்த பிள்ளைகள் கும்பலாக நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அஸ்ஸலாமு அலைக்கும், ராயப்பேட்டைலேர்ந்து பாஷா பேசறேன், எல்லாரும் சோறு துன்னுட்டீங்களா?" என்றாள்.

அவருக்குப் புல்லரித்துவிட்டது. ஆழ்வார்பேட்டைப் பள்ளிக்கூட வாசலில், முன்பின் தெரியாத பிள்ளையின் வாயில் தம் குரல்! சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். ஹெல்மெட்டைக் கழற்றினார். அந்த நிமிஷத்தை நினைத்தால்தான் இப்போது அவருக்குச் செத்துப்போகலாம் போல இருக்கிறது.

"அது நான்தாம்மா" என்றார், வாயெல்லாம் பல்லாக. "நான்தான் பாஷா."

"அங்கிள், நீங்களா! டேய், நிஜமான பாஷாடா! அங்கிள், ஒரே ஒரு தடவை சொல்லுங்க அங்கிள்!" என்று பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள்.

கேட்டால் சொல்லாமல் இருக்கிற ஆளா அவர்? தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். சோறு, மெட்ரோ பள்ளம், மாடு என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்போது ஒரு பையன், "அது வேணாம் அங்கிள், பல்பு மிஸ் சொல்லுங்க! பல்பு மிஸ் கொழாய் சொல்லுங்க!" என்றான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவன் வாயாலேயே குழாய்த் தண்ணீர் கொட்டுகிற மாதிரி சத்தம் எழுப்பினான். அந்தச் சத்தத்துக்கு நன்றாகப் பழகிய வாய் அது.

மெஹபூப் பாஷா நிமிர்ந்து பார்த்தார். கேட்டுக்கு உள்ளே, கைப்பையையும் பெரிய பாட்டிலையும் பிடித்துக்கொண்டு அஃப்ரா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ தெரியாது. பிள்ளைகளும் அவளைப் பார்த்துவிட்டு ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டு சிரித்தார்கள். அவள் யாரையும் திட்டவில்லை. நேராக நடந்து வந்து வண்டியில் ஏறி, "போலாம்ப்பா" என்றாள்.

டி.டி.கே. சாலை நெரிசலில் வண்டி ஊர்ந்தது. தோளில் அவள் கை இல்லை. பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மெஹபூப் பாஷாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் மகளாகச் சொன்னாள், இவர் பேட்டியாக எடுத்துக்கொண்டார். யாரோ ஊரான் செய்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார். தம் சட்டையை எங்கே பிடிப்பது? பூட்டியிருந்த ஒரு கடை வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கினார்.

"எத்தினி நாளா கூப்டுதுங்க இப்டி?"

"ஒரு மாசம் இருக்கும். மாமா ஃபிளாட்ல இருக்கற பசங்க எங்க ஸ்கூல்லதான் படிக்கறாங்க."

"அதுக்குத்தான் என்னை முனையில நிக்க சொன்னியா?"

"உங்க குரல் எல்லாருக்கும் தெரியும்பா. நீங்க வாயத் திறந்தா தெரிஞ்சுடும். உங்களையும் கிண்டல் பண்ணுவாங்கன்னுதான்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல பேட்டி" என்றார்.

"சொன்னா என்ன ஆகும்னு தெரியும்ல?" அவள் கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்பது போலத்தான் சொன்னாள். "இப்ப நல்லா க்ளாஸ் எடுக்கறேன்பா. பேச்செல்லாம் வருது. குழாய்ப் பக்கம்தான் போறதில்ல. கை கழுவக்கூடப் பாட்டில் தண்ணிதான்."

மெஹபூப் பாஷா தெருவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டார்.

"தப்பு என்னுதுதான். பெத்த அப்பன் செய்யற வேலையா இது? மாப்பு பண்ணிடு பேட்டி." மகள் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் சும்மா வுடமாட்டேன். எல்லாரும் கேட்டு சிரிச்சாங்க இல்ல, எல்லார் முன்னாடியும் சொல்லி மாப்பு கேக்கறேன். துபாய் வரைக்கும் கேக்கட்டும். வர்ற வெள்ளிக்கிழமை மொதோ நியூஸே இதான். ராயப்பேட்டை பாஷா மண்ணக் கவ்வினாரு..."

குரல் தானாகவே ஏறிவிட்டது. அஃப்ரா அவர் கையிலிருந்து தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"இதையுமாப்பா?" என்றாள்.

அழுதுகொண்டிருந்தபோதே அந்த நியூஸின் அடுத்த வரியும் அவர் மனசில் தயாராக இருந்தது. அதை எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பார்கள் என்பதையும் அவர் யோசித்து வைத்திருந்தார்.