தண்ணீர் ஊற்றிய நர்ஸ்

கோவில்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் என் கணுக்காலில் துருத்திக்கொண்டிருந்த எலும்பைத் தேய்த்து எடுத்தார்கள். முதுகில் போட்ட ஊசியால் இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. ஆனால் முழிப்பு இருந்தது; மிஷின் சத்தமும் காதில் விழுந்துகொண்டிருந்தது. டாக்டரின் மிஷின் சுழலச் சுழல, எதிரே நின்ற நர்ஸ் சிரிஞ்சால் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்தது பாதி நரைத்த புருவமும் இரண்டு கண்களும்தான்.

அந்தக் கண்கள் காலைவிட என் முகத்தைப் பார்த்ததே அதிகம். திடீரென்று, “சார், அமுக்கம் கூடுது” என்பார். டாக்டரும் மறுபேச்சில்லாமல் கையைத் தூக்கிவிடுவார்.

மறுநாள் வார்டில் கேட்டேன்: “எலும்பைப் பாக்காம எப்படி சிஸ்டர் கண்டுபிடிச்சீங்க?”

“நீங்கதான சொன்னீங்க, அண்ணாச்சி.”

“நானா? நான் வாயே தெறக்கலையே!”

“ரொம்ப அமுக்குனா எலும்பு சூடாகிக் கருகிரும்லா. டாக்டர் அமுக்குத நேரமெல்லாம் நீங்க பல்லைக் கடிச்சீங்க.”

“எனக்குத்தான் காலே மரத்துக் கெடந்துச்சே!”

“அதான் எனக்கும் புரியல” என்று டிரிப்ஸைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குத் தொழில் போர்வெல் போடுவது. கால் ஆறி வேலைக்குத் திரும்பியபின், நேற்று கழுகுமலைப் பக்கம், கரிசலைத் தாண்டிப் பாறையில் துளைபோடும் பிட் இறங்கியது. அமுக்கம் கூடி மிஷின் சத்தம் அடங்கவும், நறநறவென்று பல்லைக் கடித்தேன். சட்டென்று லிவரைத் தளர்த்தினேன்.

அப்படியென்றால் அன்று அந்த மேஜையில் கிடந்தது நோயாளியா, போர்வெல்காரனா? எனக்கே பிடிபடவில்லை. அந்த நர்ஸ் யாரைப் பார்த்தாரோ!