ஒட்டாத அரிப்பு

ஐயா, அம்மையீர்,

சென்ற மாதம் என் மனைவி செல்லத்தாயைத் திருநெல்வேலியில் ஈரல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருந்தேன். நான்காண்டுகளாக அவருக்குக் கல்லீரல் நோய். வழக்கமான கேள்விகள் முடிந்தன. மருத்துவர் சீட்டு எழுதுகையில், செல்லத்தாய் உள்ளங்காலை நாற்காலியின் இரும்புக் காலில் தேய்த்துக்கொண்டிருந்தார். பேனா நின்றது.

“கால் அரிக்குதாம்மா?”

“ஆறேழு மாசமா இருக்குய்யா. உள்ளங்கை, உள்ளங்காலு எல்லாம் பிடுங்கித் திங்குது. அது தோலு வியாதிலா... தோலு டாக்டர்ட்டதான் காமிச்சேன். ஈரல் டாக்டர்ட்ட எதுக்குன்னு சொல்லல.”

“தோல் டாக்டர்கிட்ட ஈரல் நோயைச் சொன்னீங்களா?”

“அவரு கேக்கலியே!”

மருத்துவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோவில்பட்டியில் எங்களுக்குக் கடலை மிட்டாய்ப் பட்டறை உண்டு. காலையில் மிட்டாய் வெட்டும் பலகையின் முன் அமருமுன் எல்லோரும் இரு கைகளையும் விரித்துக் காட்ட வேண்டும். சொறி, சிரங்கு இருந்தால் வேலையில்லை. விதித்தவன் நான். ஆறு மாதங்களுக்கு முன் செல்லத்தாயின் கைகளில் நகக் கீறல்களைக் கண்டேன். உடன் வேலை செய்யும் முத்துலட்சுமி, “ஏக்கா, தள்ளி உக்காருங்க. ஒட்டிரும்லா” என்றார். நான் மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

பதினெட்டு ஆண்டுகள் அமர்ந்த இடம் அது. பாகின் பதத்தை அவர் அளவுக்கு அறிந்தவர் எங்களில் இல்லை. நான் அத்துடன் நின்றேனா? தனித் துண்டு, தனிப் பாய். வேப்பிலை, கந்தகக் களிம்பு, கொதிக்கும் வெந்நீர்க் குளியல் – அனைத்தும் என் ஏற்பாடே. அரிப்போ வளர்ந்தது.

மருத்துவர் பொறுமையுடன் விளக்கினார். பித்தநீர் சரிவர இறங்காமல் தேங்கினால், தடிப்போ கொப்புளமோ இன்றியே உடல் அரிக்கும். கீறல்கள் சொறிந்ததால் வந்தவை. யாருக்கும் ஒட்டாது.

தேங்கும் பித்தத்தைக் குடலில் பிடித்து வெளியேற்ற, தண்ணீரில் கலந்து குடிக்க ஒரு தூள் எழுதினார். மற்ற மாத்திரைகளை அதனுடன் சேர்த்து விழுங்கலாகாது. தூள் அவற்றையும் பிடித்துவைத்துக்கொள்ளுமாம். எத்தனை மணி நேரம் தள்ளி என்பதைச் சீட்டிலேயே குறித்துக் கொடுத்தார். தூள் போதாவிட்டால் வேறு மருந்துகளும் உள்ளனவாம். வெந்நீரை விட்டு வெதுவெதுப்பான நீரில் குளியல், உடனே ஈரப்பசைக் களிம்பு, ஒட்ட வெட்டிய நகம், தளர்ந்த பருத்தி உடை. தம்மைக் கேட்காமல் கடையில் அரிப்பு மாத்திரை வாங்கக் கூடாது என்றார்.

மூன்று வாரங்களில் அரிப்பு பாதியாகத் தணிந்தது, புண்கள் ஆறின. “நாளை முதல் வேலைக்கு வா” என்றேன்.

“எங்கிட்டச் சொன்னாப் போதுமா? போகச் சொன்னது அத்தன பேரு முன்னாலதான?”

மறுநாள் பட்டறையில் எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமினேன். மீண்டும் செருமினேன்.

“வெளிய போன்னு சொல்லும்போது தொண்ட நல்லாத்தான இருந்துச்சு?” என்றார் செல்லத்தாய். முத்துலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டார்.

“இது ஒட்டுற நோய் இல்ல. விசாரிக்காம அனுப்பினது என் தப்பு” என்றேன்.

முத்துலட்சுமி நகர்ந்து இடம் விட்டார். “வாங்கக்கா. நீங்க இல்லாம பாகு எங்க பேச்சக் கேக்கவே மாட்டேங்குது.”

செல்லத்தாய் அமர்ந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

உங்கள் வீட்டில் ஈரல் நோயாளி இருப்பின், இப்பக்கத்தைக் கத்தரித்து மருத்துவச் சீட்டுகளுடன் வைத்திருக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.