கல்லில் மீன் மேய்ந்த தடம்

மலைமேல் கியா பார்ம் சந்தைச் சாப்பாட்டுக் கடையில் இன்று "ஆத்து மீனு அக்கா, ஃபிரெஷ்லா" என்று கொண்டுவந்து வைத்த தட்டிலிருந்து குளத்துச் சேற்று வாடை எழுந்தது. அந்தப் பொய்யின் வாடையில்தான் எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்து வீடுகளுக்குக் கீழே ஓடிய ஆறு நினைவுக்கு வந்தது. இப்போது காய்கறித் தோட்டத்து மண் சரிந்து அதை மூடிவிட்டது.

பக்கத்து வீட்டு மருதாயி அக்கா கொழுந்தெடுத்துவிட்டு வருகிற வழியில், முதுகுக் கூடையை இறக்காமலே ஆற்றுக் கற்களைத் தடவிப் பார்ப்பாள். பாசியில் மீன் சுரண்டிய கோடு புதிதாக இருந்தால் அங்கேயே தூண்டில் போடுவாள், சினை மீன் சிக்கினால் திரும்ப விட்டுவிடுவாள். "மீனுகிட்ட பேசுறா பாரு" என்று அவளைக் கேலி செய்த எஸ்டேட் ஆபீஸ் கிராணிதான், துரைக்கு விருந்து வைக்க, மீனை மயக்கும் தூபா வேரை இடித்து ஆற்றில் கலக்கச் சொன்னார். குஞ்சும் சினையுமாக ஆறே வெள்ளையாக மிதந்தது. லயமே வாளியோடு ஓடியது.

"எல்லாம் சினை மீனுலா! நாளைக்கு எதத் தின்பீங்க?" என்று அக்கா கத்தினாள்.

"டவுனு மார்க்கெட்டுல இல்லாத மீனா, போ புள்ள" என்றார் கிராணி.

அவர் அற்பர். அதற்கும் கைகட்டிச் சிரித்த எங்கள் அப்பாக்கள் அவரைவிட அற்பர்கள். அக்கா ஒன்றைக்கூடத் தொடாமல் மேடேறினாள். பாவாடை நிறைய மீனோடு நான் அவளை முந்திக்கொண்டு ஓடினேன். அம்மா பொரித்துத் தந்த இரண்டு துண்டு எனக்குப் போதவில்லை.