கப்பல் முனிக்கு வைத்த குங்குமம்

போன மாதம் எங்கள் தோட்டத்துக்கு ஒரு வேன் வந்தது. டிவி நாடகம் எடுக்க.

என்ன நாடகம்? மண்ணுக்கடியில் கிடைத்த பழைய பொருள்களைப் பற்றி வாரம் ஒன்றாக அரைமணி நேரம் போடுகிறார்களே, அது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்த முறை எங்கள் கல்.

கல்லின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எனக்கு நீட்டத் தெரியாது.

மெர்லிமாவ் பக்கம் ரப்பர் பால்மரத்தை எல்லாம் வெட்டிவிட்டு, எண்ணெய்க்குச் செம்பனை போட்ட சமயம். பெண்கள் தண்ணீர் போகக் கான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பாக்கியம் அக்காவின் மண்வெட்டி எதிலோ பட்டது. இடுப்பு உயரக் கல். ஒரு பக்கம் கப்பல் செதுக்கியிருந்தது. கீழே ஏதோ எழுத்து. யாருக்கும் படிக்கத் தெரியவில்லை.

இப்படி ஒரு கல் கிடைத்தால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? கழுவி, மஞ்சள் பூசி, மரத்தடியில் நிற்க வைப்பார்கள். அக்காவும் அதைத்தான் செய்தார். பெயரும் தானாக வந்தது — கப்பல் முனி.

ரொம்ப வருடம் கும்பிட்டோம். நான் தோட்டத்தில் செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறவன். புது டயர் மாட்டினால் அங்கே போய்த்தான் எலுமிச்சம்பழம் நசுக்குவேன்.

பிறகு நிலம் அளக்க வந்த ஒருவர் கல்லைப் பார்த்தார். அவர் சொல்லிப் படித்தவர்கள் வந்தார்கள். போர்த்துகீசியர் காலத்து எல்லைக்கல் என்றார்கள். பேப்பரில் படம் வந்தது. கல் மியூசியத்துக்குப் போனது. என் லாரியில்தான் போனது. அன்றைக்கும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தது பாக்கியம் அக்காதான்.

அதிலிருந்து பிடித்தது அவருக்குக் கஷ்டம்.

கோவிந்தன் அண்ணனைத் தெரியுமல்லவா? முன்பு எங்களுக்கெல்லாம் தண்டல். வேலை வாங்கியவர். இப்போது ஓய்வு, வாய்க்கு மட்டும் ஓய்வில்லை. அக்காவைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவார்.

"என்ன பாக்கியம், அடுத்து எந்தக் கல்லு? பெரிய ரோட்டுல ஒரு மைல் கல்லு சும்மாதான் நிக்குது. ஒரு மாலையப் போடு லா."

சிரிப்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன்.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. கோயில் பொங்கலுக்கு முதல் அடுப்பைப் பற்ற வைப்பது எப்போதும் அக்காதான். அதற்கப்புறம் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கல்லுக்கும் சாமிக்கும் வித்தியாசம் தெரியாதவள், ஊரையே ஏமாற்றியவள் என்று பேச்சு. அக்கா கோயிலில் பின்வரிசைக்குப் போய்விட்டார்.

நாடகம் எடுக்க வருகிறார்கள் என்றதும் என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, நாடகத்துல நடந்தத நடந்த மாதிரி காட்டுவாங்களா?"

"காட்டுவாங்க அக்கா."

"நான் வேணும்னு யாரையும் ஏமாத்தல. அது தெரிஞ்சாப் போதும்."

ஷூட்டிங் பார்க்கப் போனேன். கதை என்ன தெரியுமா? ஒரு வெள்ளைக்கார அறிஞர். கையில் வரைபடம். காட்டுக்குள் தேடித் தேடி வருகிறார். பின்னால் ஒரு கூலியாள் கூடையோடு வருகிறார். அவருக்கு ஒரே ஒரு வசனம் — "துரை, பாம்பு".

டைரக்டர் கே.எல். பட்டணத்திலிருந்து வந்த பையன். முப்பது வயது இருக்கும். நல்ல பையன்தான். போய்ச் சொன்னேன்.

"தம்பி, கல்லை எடுத்தது எங்க பாக்கியம் அக்கா. வெள்ளைக்காரரே வரல."

"தெரியும்ணே. ஆனா கான் வெட்டும்போது கிடைச்சிச்சுன்னு காட்டுனா யாருண்ணே பாப்பாங்க? தேடணும். தேடினாத்தான் கதை."

அவர் சொல்வதும் தப்பில்லை. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? இந்த மாதிரி நாடகம் எல்லாவற்றிலும் கண்டுபிடிக்கிறவர் தொப்பி போட்டிருப்பார். பூட்ஸில் சேறு இருக்காது. தோண்டியவர் பின்னால் கூடையோடு நிற்பார். கூடை நிறைய மண் இருக்கும். பெயர் மட்டும் இருக்காது.

வெள்ளைக்காரராக நடித்தவர் தெங்கேராவில் ரொட்டி சுடுகிறவர். கொஞ்சம் சிவப்பு நிறம், அதனால் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு நாள்தான் லீவு போட்டிருந்தார்.

கல்? மீன் போட்டு வைக்கிற வெள்ளைப் பெட்டி இருக்கிறதே, அந்தச் சாமானில் செய்தது. மேலே சாம்பல் பெயிண்ட். ஒரு ஆள் அதை ஒரு கையில் தூக்கி வந்தார். ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால்... அசல் எங்கள் கல். எங்கள் பழைய மரத்தடியிலேயே நிறுத்திவிட்டு எல்லாரும் சாப்பிடப் போனோம்.

அந்த நேரம் பார்த்து அக்காவிடம் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள் — கல்லைத் திருப்பிக் கொண்டு வந்துவிட்டார்கள் என்று.

நாங்கள் திரும்பி வந்தபோது எண்ணெய் ஊற்றியாகிவிட்டது. மஞ்சள் பூசியாகிவிட்டது. நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. கழுத்தில் மாலை. அக்கா கண்ணை மூடி நின்றார்.

சாமான் பார்க்கிற பையன் தலையில் கை வைத்துவிட்டான். "அம்மா, அது கல்லு இல்லம்மா."

அக்கா கண்ணைத் திறந்தார். ஒரு விரலால் தொட்டார். கல் ஆடியது.

"சரியாப் போச்சு," என்றார் கோவிந்தன் அண்ணன். "போன தடவ எல்லைக்கல்லு. இந்தத் தடவ மீன் பெட்டி."

அக்கா தட்டை எடுத்துக்கொண்டார். முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை.

பையன் துணியால் துடைத்தான். எண்ணெயோடு பெயிண்டும் வந்தது. உள்ளே வெள்ளை தெரிந்தது. துடைப்பதை நிறுத்திவிட்டான். வேறு கல் இல்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ரொட்டிக்காரர், நாளைக்கு வர முடியாது என்றார்.

டைரக்டர் தரையில் குந்திவிட்டார். குங்குமத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அம்மா, நெசமாவே இப்படித்தான் வச்சிருந்தீங்களா?"

அக்கா நின்றார். "எண்ணெ இன்னும் நெறைய இருக்கும். சாமி வெயில்ல காயக்கூடாதுல்ல. பக்கத்துல சுருட்டு ஒண்ணு இருக்கும்."

"எத்தன வருஷம்?"

"கொண்டு போற வரைக்கும்."

அவர் பேப்பரைத் திருப்பி எழுத ஆரம்பித்தார். குங்குமத்தை அழிக்க முடியாது. அப்படியானால் அது எப்படி வந்தது என்று காட்டித்தானே ஆகவேண்டும்? உண்மை நாடகத்துக்குள் வந்தது இப்படித்தான்... வேறு வழியில்லாமல்.

வேனிலிருந்து ஒரு பெண் பட்டுச் சேலை எடுத்து வந்தாள். கான் வெட்டுகிற மாதிரி நடிக்க அக்காவுக்காம்.

"பட்டு கட்டிக்கிட்டு கான் வெட்டுனா தண்டல் வேலைக்குப் பேரு போடுவாராம்மா?" என்றார் அக்கா.

கோவிந்தன் அண்ணன் மழை வருமா என்று பார்த்தார்.

அக்கா வீட்டுக்குப் போய் முழுக்கைச் சட்டை, சாரோங், தலைத்துணி, சொந்த மண்வெட்டியோடு வந்தார். வெட்டச் சொன்னார்கள். வெட்டினார். டைரக்டர் கட் சொன்னார். அக்கா நிறுத்தவில்லை.

"அம்மா, போதும்மா."

"பாதியில விட்டா தண்ணி தேங்கும் தம்பி. நீங்க போயிடுவீங்க. நாங்கல்ல கொசுவோட இருக்கணும்."

போன வாரம் நாடகம் வந்தது. என் வீட்டு டிவியில்தான் அக்கா பார்த்தார். வீடு கொள்ளாத கூட்டம்.

எல்லாம் சரியாக இருந்ததா? இல்லை. வெள்ளைக்காரர் வந்தார். வரைபடம் இருந்தது. பாம்பும் இருந்தது. ஆனால் அவருக்கு முன்னால் அக்கா வந்தார். கல்லை எடுத்தார், கழுவினார், பொட்டு வைத்தார். ரொட்டிக்காரர் மரத்தடிக்கு வந்து கல்லைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். அது எனக்குப் பிடித்திருந்தது. பின்னணியில் ஒரு குரல் சொன்னது — முதலில் கண்டெடுத்த தோட்டத்துப் பெண் இதைத் தெய்வமாகக் காத்து வந்தார்.

காத்து வந்தார். ஏமாற்றினார் என்று இல்லை.

அக்கா என் பக்கம் திரும்பினார். "கேட்டியா தம்பி." அவ்வளவுதான் சொன்னார்.

பாதி உண்மை என்பீர்கள். சரி. அதற்கு முன்னால் அதுகூட இல்லையே. ஒரு பாதி உள்ளே வந்துவிட்டால் மற்றப் பாதிக்கும் வழி கிடைக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

மறுநாள் கடையில் டீ குடிக்கும்போது கோவிந்தன் அண்ணன் சொன்னார் — "கல்லைத் தூக்கும்போது ஒரு பக்கம் பிடிச்சது நாந்தான்." இன்னொருவர், அங்கே வெட்டு என்று இடம் காட்டியதே தான் என்றார். சாயங்காலத்துக்குள் தோட்டத்தில் பாதிப் பேர் அந்தக் கல்லை எடுத்துவிட்டார்கள்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"இருக்கட்டும் தம்பி. ஒத்த ஆளு தூக்குற கல்லா அது?"

கோயில்காரர்கள் வந்து போனதையும் சொன்னார். இந்த வருடம் முதல் அடுப்பை அவர்தான் பற்ற வைக்கவேண்டுமாம்.

கல்லைக் கண்டுபிடித்தவர்கள் எங்கள் தோட்டத்தில் தினமும் கூடிக்கொண்டே போகிறார்கள். சிரித்தவர்களைத்தான் தேடுகிறேன்... ஒருவரும் அகப்படவில்லை.