பளீலா டீச்சர் வாய் திறக்காத சனிக்கிழமை

புத்தளத்தில் கடலேரிக்குப் பக்கத்திலிருந்த ஒரு கல்லூரியில் பளீலா பல வருடமாகக் கணிதம் படிப்பித்து வந்தார். உயர்தர மாணவர்களுக்கு அவரைப் பிடிக்கும், கொஞ்சம் பயமும் உண்டு. பரீட்சைப் புள்ளித்திட்டம் அவருக்கு மனப்பாடம். எந்த வரிக்கு எத்தனை புள்ளி என்று சொல்லிக்கொண்டேதான் பலகையில் கணக்குச் செய்வார்.

மழை பொய்த்துப்போன 2017ஆம் ஆண்டு, அதிபர் அவரைக் கூப்பிட்டார். கொழும்பிலுள்ள ஒரு சங்கம் கல்லூரிகளுக்கிடையே கணித மாதிரியாக்கப் போட்டி நடத்துகிறதாம். நாட்டு நடப்பிலுள்ள ஒரு பிரச்சினையைக் கொடுப்பார்கள். அதைக் கணிதத்தால் ஆராய்ந்து, தீர்வு சொல்லி, தமிழிலேயே அறிக்கை எழுதி அனுப்பலாம்.

"சரியான விடைய எப்ப அனுப்புவாங்க, சேர்?"

"சரியான விடை எண்டு ஒண்டு இல்லையாம், டீச்சர்."

பளீலாவுக்கு அது பிடிபடவில்லை. வீட்டுக்குப் போய்க் கணவர் பாயிஸிடம் முறையிட்டார். "அப்ப நீங்களும் புள்ளைகளோட சேந்து படிக்க வேண்டியதுதான்" என்று அவர் சிரித்தார். அப்படித்தான் நடந்தது.

மூன்று பேரைத் தெரிந்தெடுத்தார். கல்பிட்டி றிஸ்வி எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்பவன். உடப்பிலிருந்து வந்து பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்த சுலக்சனாவின் கணக்கில் ஒரு வெட்டுக்கூட இருக்காது. சுஜனின் குடும்பம் யுத்தத்தில் வன்னியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டது. அவனுக்குக் கணினி நன்றாக வரும், பேச்சுத்தான் வராது.

பயிற்சிக்காக, கல்பிட்டியிலிருந்து காலையில் வரும் பஸ்ஸை எடுத்துக்கொண்டார்கள். தரிப்புகளில் ஆட்கள் காத்து நிற்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். ஆட்கள் ஒருவர்பின் ஒருவராகச் சீராக வந்து சேர்கிறார்கள் என்று எடுகோள் வைத்தார்கள். சுலக்சனா சமன்பாடு எழுதினாள், சுஜன் வரைபு கீறினான். பஸ் கொஞ்சம் முந்திப் புறப்பட்டால் காத்திருப்பு பாதியாகும் என்று விடை வந்தது. பளீலாவுக்குச் சந்தோசம்.

"டீச்சர், ஒருக்காப் போய்ப் பாப்பமா?" என்றான் றிஸ்வி.

நால்வரும் அந்த பஸ்ஸில் ஏறினார்கள். தரிப்புகளில் ஒருவரையும் காணவில்லை. வளைவு வருமுன் சாரதி நீளமாக ஹோர்ன் அடித்தார். அதைக் கேட்டுத்தான் வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி கொண்டையைப் போட்டுக்கொண்டே வந்தாள். ஒருவர் கையில் கடித்த பாண் துண்டு. காத்திருந்தவர் யாருமே இல்லை.

றிஸ்வியும் சுஜனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுலக்சனாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"இவ்வளவு நாளும் செய்ததெல்லாம் வீணா, டீச்சர்?"

"இல்ல மகள். உங்கட கணக்கு பிழையில்ல, எடுகோள்தான் பிழை. ரெண்டும் வேற வேற எண்டு எனக்கே இப்பதான் விளங்குது."

அதற்குப் பிறகு எந்த விடை வந்தாலும் அதை வெளியே கொண்டுபோய்ப் பார்த்தார்கள். ஒரு தரம் சிலாபம் மீன் சந்தைக்கும் போய் வந்தார்கள்.

போட்டி ஒரு சனிக்கிழமை. காலையில் கேள்வி மின்னஞ்சலில் வந்தது: வறட்சி பிடித்த ஒரு பிரதேசத்துக்குப் பவுசர் வண்டிகளில் குடிநீர் விநியோகிக்க வேண்டும், எத்தனை பவுசர் தேவை, எந்த ஒழுங்கில் போக வேண்டும்? ஆசிரியர் கூட இருக்கலாம், ஆனால் கேள்வியைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசக்கூடாது என்பது விதி.

பளீலா கணினி அறையின் மூலையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பலகையைப் பார்த்தவர் கதிரையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். பவுசரின் கொள்ளளவு ஐந்து கனமீற்றர், அதாவது ஐந்நூறு லீற்றர் என்று எழுதியிருந்தது. ஐயாயிரம் என்று வர வேண்டும். எழுதியது சுலக்சனா.

ஒரு பூச்சியம். இருமினால்கூடப் போதும், மூன்று பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்துவிட்டால் அந்த அறிக்கை அவர்களுடையதாக இருக்காது என்று பளீலாவுக்குத் தோன்றியது. பக்கத்து அறையிலிருந்த அத்தாஉல்லா சேரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு வெளியே இறங்கினார். கடலேரிக் கரையோரம் நடந்தார். மதிய நேரத்து லுஹர் தொழுதார். தொழுகையிலும் அந்தப் பூச்சியம் வந்து நின்றது. பிள்ளைகளுக்குச் சாப்பிடப் பனிஸும் குடிக்கப் பிளேன்டீயும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

பலகை முழுக்க அழிக்கப்பட்டிருந்தது. சுஜன் வேகமாகத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தான்.

"டீச்சர், நீங்க ஒண்டும் சொல்லாதீங்க, நாங்க சொல்றம்" என்றான் றிஸ்வி. "எங்கட கணக்குப்படி ரோட்டு முழுக்க பவுசரா ஓடணும். மாவட்டத்துலயே அவ்வளவு பவுசர் இருக்கா எண்டு கேட்டன். இவ ஒவ்வொரு வரியாத் திரும்பப் பாத்தா."

"ஒரு பூச்சியத்த விட்டிட்டன், டீச்சர்" என்றாள் சுலக்சனா. இந்த முறை அவள் அழவில்லை. "பின்னேரத்துக்குள்ள முடிச்சிடுவம்."

பளீலா தலையை மட்டும் ஆட்டினார். பனிஸ் பையை மேசையில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் மூன்று இடங்களில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் எடுகோள்களை ஒளிக்காமல் எழுதியதற்காகப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. அதை வாங்கக் கொழும்புக்கு ரயிலில் போனார்கள். சிலாபத்தில் சுலக்சனாவின் அம்மாவும் அப்பாவும் சாப்பாட்டுப் பார்சல்களோடு ஏறிக்கொண்டார்கள். நடுவர் ஒருவர் மேடையில் சுஜனிடம் ஏதோ கேட்க, அவன் நிறுத்தாமல் பதில் சொன்னான். முதலில் கைதட்டியது றிஸ்விதான்.

அடுத்த தவணையிலிருந்து பளீலா சனிக்கிழமைகளில் மாதிரியாக்க வகுப்பு நடத்தத் தொடங்கினார். கேட்காமலே பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். "இன்னும் விடை கிடைக்கல்லயா?" என்று பாயிஸ் ஒருநாள் கேட்டார். "ஒரே கேள்விக்கு மூணு விடை கிடைச்சிருக்கு, மூணும் நல்லாத்தான் இருக்கு" என்றார் பளீலா.