பேய் விருந்துக்குச் சத்தம் தேடியது

துணி துவைக்கும் மெஷின் வேலை முடிந்ததும் விட்டுவிட்டுக் கூவும். வாங்கிய நாளிலிருந்தே கூவிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். மகளை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்த மறுநாள்தான் அது முதல்முறையாக என் காதில் விழுந்தது. கையிலிருந்த பேப்பரைப் போட்டுவிட்டு அவள் அறைக்கு ஓடினேன். கட்டிலில் சாய்ந்துகொண்டு மாதுளை முத்துகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தாள்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல."

சலைன் இறங்கி முடிந்தால் கூவுகிற கருவி இல்லை, பால்கனியில் துணி காயப்போடச் சொல்கிற மெஷின் என்று தலைக்குத் தெரிந்துவிட்டது. கால்களுக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வந்தது டெங்கு. டில்லியில் மழை ஓய்ந்து குளிர் தொடங்குவதற்கு முன்னால் வருகிற மாதங்களில் இந்தச் சொல்லை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அலுவலகத்தில் யாராவது லீவு போட்டால் "வைரலா, டெங்குவா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். நானும் அப்படிக் கேட்டுவிட்டுப் போனவன்தான். அவளுக்கு வந்தபோதும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் இருந்தேன். பிறகு ஒரு மாலை, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்த இளம் டாக்டர் எங்களிடம் எதுவும் சொல்லாமல் இன்னொரு டாக்டரைக் கூப்பிடப் போனார். நடக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம். அந்த வேகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மெட்ரோவில் யாராவது அப்படிக் கடந்து போனால் இப்போதும் திரும்பிப் பார்க்கிறேன்.

மகளுக்கு இதெல்லாம் தெரியாது. ஆஸ்பத்திரி என்றால் அவளுக்கு ஜெல்லியும், பக்கத்துக் கட்டில் பெண்ணோடு சேர்ந்து பார்த்த கார்ட்டூனும், ஊசி போட்ட நர்ஸ் சொன்ன மலையாளக் கெட்ட வார்த்தை ஒன்றும்தான். பதின்மூன்று வயது. வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஹாலோவீனுக்கு இன்னும் எத்தன நாள் இருக்கு?"

ஜனக்புரியில் எங்கள் பிளாக்கில் சில வருஷங்களாக இதைக் கொண்டாடுகிறார்கள். கர்வா சௌத், தீபாவளி என்று வரிசையாக வரும் பண்டிகைகளோடு பேய்களுக்கும் ஒரு மாலை. பிள்ளைகள் எலும்புக்கூடாகவும் சூனியக்காரியாகவும் வேஷம் போட்டுக்கொண்டு பூங்காவில் கூடுவார்கள். பூசணிக்காயில் கண்ணும் வாயும் வெட்டி உள்ளே விளக்கு வைப்பார்கள். முதல் வருஷம் அதைப் பார்த்த என் மனைவி, "நம்ம ஊரு திருஷ்டிப் பூசணிதான, இதுக்குப் போயி இங்கிலீஷ்ல ஒரு பேரா?" என்றாள்.

இந்த வருஷம் பிள்ளைகள் இசைப் பொறுப்பை மகளிடம் கொடுத்திருந்தார்கள். ஓடியாட முடியாதவளுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை.

"ஆடவேண்டாம், ஓடவேண்டாம்ப்பா. சும்மா உக்காந்து ப்ளே பண்ணணும், அவ்ளோதான்."

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா நஹீன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா?"

தெரிந்துதான் இருந்தது. போகலாம், களைப்படையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனம் வரவில்லை. இரண்டாம் முறை டெங்கு வந்தால் இன்னும் மோசம் என்று ஆஸ்பத்திரி லிஃப்டில் யாரோ சொன்னது உள்ளே உட்கார்ந்துவிட்டது. பூங்கா என்றால் செடி, செடி என்றால் தொட்டி, தொட்டி என்றால் தண்ணீர். குடியிருப்போர் சங்கச் செயலாளருக்குத் தினமும் போன் செய்து கொசுமருந்துப் புகை அடிக்கச் சொன்னேன். கடைசியில் அவர் என் அழைப்பை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

மனைவி வங்கியிலிருந்து வந்து கைப்பையைக் கூடக் கழற்றாமல் சமரசம் பேசினாள். "விடுங்க. முழுக்கைச் சட்டை, சாக்ஸ், குரங்குக் குல்லா. ஸ்பீக்கர் பக்கத்துல ஒரு சேர்ல உக்காரட்டும். ஏழு மணிக்கு நீங்களே கையோட கூட்டிட்டு வந்துருங்க."

"ஏழுக்கா! அம்மா, அப்பத்தான் ஸ்டார்ட்டே ஆகும்!"

"அப்ப எட்டு. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கெடையாது."

அப்படித்தான் நான் பேய் இசையில் மாட்டினேன். அவளைத் தனியாக விட்டால் இணையத்தில் எதையாவது பார்த்துப் பயந்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் பக்கத்தில் உட்கார எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

அலுவலகம் முடிந்து, மெட்ரோவில் நின்றே வந்து, முகம் கழுவிவிட்டு அவள் கட்டிலில் உட்காருவேன். ஜன்னல் வழியே ஏழிலைப்பாலைப் பூவின் நெடி வரும். இந்த ஊர்ச் சாலைகளில் அந்த மரத்தை வரிசையாக நட்டுவைத்திருக்கிறார்கள். இந்த மாதங்களில் தலைவலி வரும் அளவுக்குப் பூக்கும். இயர்போனின் ஒரு முனை அவள் காதில், மறுமுனை என் காதில். பேய்களைத் தரம் பிரித்தோம்.

கதவுக் கீல் கிறீச்சிட்டது. "சோ லேம், சப்புன்னு இருக்கு." ஓநாய் ஊளையிட்டது. "இதுக்கு நம்ம கேட் நாயே போதும்ப்பா." ஒரு பெண் கொலுசுச் சத்தத்தோடு சிரித்தாள். "இது ஓகே. ஆனா கீழ்வீட்டு ஆன்ட்டி போன்ல பேசற மாதிரியே இருக்கு." நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முனகலிலும் எனக்குக் கொட்டாவிதான் வந்தது. பல வாரங்களாகச் சரியாகத் தூங்காதவனைப் பேய் என்ன செய்துவிடும்?

மூன்றாம் மாலை ஒன்று போட்டாள். முதலில் இதயத் துடிப்பு. அதன் மேல் ஒரு கருவியின் பீப். சீராக வந்துகொண்டிருந்த பீப் மெல்ல மெல்ல இடைவெளி கூடி, பிறகு ஒரே கோடாக நீண்டது.

இயர்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டேன்.

"அப்பா! பெஸ்டே இதுதான்ப்பா. எல்லாரும் பயந்து டர்ராயிடுவாங்க."

"எடுத்துரு பாப்பா."

"ஏன்?"

"எடுத்துருன்னேன்ல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, அதை அழித்தாள். பிறகு பேரம் பேசுவது போலச் சொன்னாள். "அச்சா, அப்ப நீங்க ஒண்ணு குடுங்க. உங்களுக்கு ரொம்பப் பயமான சத்தம் எது?"

யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். களைப்பில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "சங்கும் சேகண்டியும்."

அவளுக்குச் சேகண்டி தெரியவில்லை. தட்டு போல வட்டமாக வெண்கலம், குச்சியால் அடிப்பார்கள் என்றேன். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வாசலில் முதலில் எழும் சத்தம் அது. நீளமாகச் சங்கு. அது ஓய்ந்ததும் சேகண்டியில் ஒரே ஓர் அடி. மறுபடி சங்கு. மதுரையில் என் அப்பாவுக்கு ஊதியபோது கேட்டதுதான் கடைசி. ஆனால் அந்த டாக்டர் இன்னொரு டாக்டரைக் கூப்பிடப் போன மாலையில், யாரும் அப்படி ஊதாத இந்த ஊரில், ஆஸ்பத்திரி வராந்தாவில் அது என் காதுக்குள் கேட்டது. இதை அவளிடம் சொல்லவில்லை. சாவு வீட்டுச் சத்தம் என்று மட்டும் சொன்னேன்.

அதற்குள் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். இயர்போன் கைபேசியிலிருந்து கழன்று கிடந்ததால் சத்தம் அறை முழுக்க நிறைந்தது.

சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். "என்னத்தப் போட்டுக்கிட்டு இருக்கீங்க ரெண்டு பேரும்? வெளக்கு வைக்கிற நேரத்துல! புள்ள இப்பத்தான் பொழச்சு வந்துருக்கு, கூறு இருக்கா?" கடைசிச் சொல் எனக்கு.

"அம்மா, மேல்மாடி ஆன்ட்டி டெய்லி காலைல பூஜைல ஊதறாங்க. அதுவும் சங்குதான?"

"அது வேற."

"கைஸே? எப்படி வேற?"

"வேறன்னா வேற. டெலீட் பண்ணு."

"ஹட்டா தியா, அம்மா."

எடுத்துவிட்டாள் என்று நானும் நம்பினேன்.

ஹாலோவீன் மாலையில் எனக்கு முதல் ஆறுதல், கொசுமருந்துப் புகை அடிக்கிற வண்டி வந்தது. செயலாளர் என் தொல்லை தாங்காமல் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். பூங்காவின் புதர்களுக்குள் வெள்ளைப் புகை உருண்டது. எலும்புக்கூடுகள் கைதட்டின. "வாவ், அங்கிள், க்யா எஃபெக்ட் ஹை!" என்று ஒரு சூனியக்காரி என்னிடம் வந்து சொன்னாள். அது என் ஏற்பாடு என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். புகை அடங்கும் வரை மகளைப் படிக்கட்டிலேயே நிறுத்திவைத்தேன். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியில், ஸ்பீக்கர் பக்கத்தில், குரங்குக் குல்லாவோடு அவள் உட்கார்ந்தாள். வேஷம் போடாத ஒரே ஆள். மெலிந்த முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பையன், "மேக்கப் சூப்பர்" என்றான். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

நான் பூங்கா வாசல் கம்பியில் சாய்ந்து நின்றேன். விளக்குகளை அணைத்தார்கள். கதவுக் கீல், கொலுசுச் சிரிப்பு, ஆந்தை என்று ஒவ்வொன்றாக வந்தது. பிள்ளைகள் வீறிட்டு ஓடி, திரும்பி வந்து, மறுபடி வீறிட்டார்கள். நான் கைபேசியில் மணி பார்த்தபடி இருந்தேன்.

ஆந்தை நின்றது. இருட்டில் நீளமாகச் சங்கு எழுந்தது.

சேகண்டியின் அடி விழுந்தபோது கம்பியை இறுகப் பிடித்தேன். பூங்கா எனக்குத் தெரியவில்லை. தூரத்தில் நாற்காலியில் அசையாமல் இருந்த அந்தச் சின்ன உருவம் மட்டும்தான் தெரிந்தது. போய் நிறுத்த வேண்டும்.

அப்போது என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பஞ்சாபிப் பெரியவர் எழுந்தார். குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கைகூப்பி நின்றார். அவருக்கு அப்பால் பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தி, துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துக்கொண்டார்கள். "ஆரத்தி ஷுரு ஹோ கயீ க்யா?" என்று ஒரு குரல் கேட்டது. ஆரத்தி தொடங்கிவிட்டதாம். ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்து அப்படியே நின்றார்கள். ஓர் எலும்புக்கூடு கைகூப்பியது. சூனியக்காரி கூர்த்தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். "பிரசாத் கஹான் ஹை?" என்று பிரசாதம் கேட்டது வெள்ளைப் போர்வைக்குள்ளிருந்து ஒரு பேய்.

நாற்காலி உருவம் குலுங்கியது. ஒரு கணம் எனக்கு உயிரே போய்விட்டது. பிறகுதான் தெரிந்தது, அவள் சிரிக்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டு, முன்னால் மடங்கி, பின்னால் சாய்ந்து. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்படி ஒரு சிரிப்பு சிரிக்கவில்லை. எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை, அவள் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"டெலீட் பண்ணிட்டேன்னு சொன்னியே?"

"நீங்கதான இதுதான் பயம்னு சொன்னீங்க? இவங்க யாருமே பயப்படலப்பா! எல்லாரும் சாமி கும்பிடறாங்க!"

மேல்மாடி அம்மாள் துப்பட்டாவைச் சரிசெய்தபடி வந்தாள். மகளின் குரங்குக் குல்லாவின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். "அப் டீக் ஹோ, பேட்டா? ஜீத்தீ ரஹோ. லம்பீ உமர் ஹோ."

தேறிவிட்டாயா என்று கேட்டு, நன்றாக வாழ வேண்டும், நீண்ட ஆயுசு வேண்டும் என்கிறாள். மகள் தலைக்குப் பக்கத்தில் என் ஊர்ச் சாவுச் சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. நான் இரண்டையும் சேர்த்துக் கேட்டபடி நின்றேன். கண் எரிந்தது. புகையாகவும் இருக்கலாம்.

சத்தம் முடிந்தது. பெரியவர் வெறுங்காலோடு எங்களிடம் வந்தார். "ஏக் பார் ஔர், பேட்டா. பஹுத் ஷாந்தீ மிலீ." மனதுக்கு அமைதியாக இருந்ததாம். இன்னொரு முறை போட வேண்டுமாம்.

மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா?"

"போடு" என்றேன்.

கைபேசி அதிர்ந்தது. இரண்டாம் மாடி பால்கனியில் மனைவி நிற்பது இங்கிருந்தே தெரிந்தது.

"என்னங்க, அந்தப் பீடைச் சத்தம் கேக்குதே! அழிச்சிட்டேன்னு சொன்னாளே?"

"கேக்குது."

"எல்லாரும் என்னதான் பண்ணுறாங்க அங்கிட்டு?"

"கும்பிடுறாங்க."

"யாரு?"

"எல்லாரும். பேய் உள்பட."

பால்கனி உருவம் கம்பிக்கு வெளியே எட்டிப் பார்த்தது. "எட்டாச்சு. ரெண்டு பேரும் கெளம்பி வாங்க."

மகள் அடுத்த சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். ஓர் எலும்புக்கூடு அவள் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்து அவளுக்குச் சிப்ஸ் ஊட்டிக்கொண்டிருந்தது. எனக்கு நிற்க முடியாத அளவுக்கு அசதி. புல்லில் உட்கார்ந்தேன்.

"இன்னும் கொஞ்சம் இருந்துட்டு வர்றோம். நீயும் வா, வரும்போது அவ சால்வைய எடுத்துட்டு வா."

பெரியவர் மறுபடி கேட்க, சங்கு மூன்றாம் முறை எழுந்தது. இங்கே எத்தனை பேர் கைகூப்பினாலும் என் காதுக்கு அது வேறாக ஆகப்போவதில்லை. கை தானாக நீண்டு, குல்லாவுக்குள் நுழைந்து அவள் நெற்றியைத் தேடியது.

"காய்ச்சல் இல்லப்பா" என்றாள் திரும்பாமல். "ஹட்டோ, தள்ளுங்க. நீங்க ஸ்பீக்கர மறைக்கிறீங்க."