கியர் பிடிக்காத லாரியும் அண்ணனின் கடைசி வருடமும்

அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் அவரை லாரியோடு சேர்த்தே அறிந்தவர்கள். விடிந்ததும் விடியாததுமாகத் தேக்கா வட்டார உணவகங்களின் பின்வாசலில் வெங்காய மூட்டையும் வாழை இலைக் கட்டும் இறக்கிய மனிதராகவே அவர் உங்கள் நினைவில் இருப்பார். அந்த லாரி நின்றுபோன பிறகு அவர் எப்படி வாழ்ந்தார் என்பது வீட்டாரைத் தவிர அதிகம் பேருக்குத் தெரியாது. தங்கை என்ற முறையில் அதை எழுதும் பொறுப்பை அண்ணி என்னிடம் கொடுத்தார்.

அண்ணன் பிறந்தது ஜாலான் புசாரில், இரும்புச் சாமான் கடை ஒன்றின் மாடியில் எங்கள் பெற்றோர் வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றை அறையில். அப்பா காலமானபோது அண்ணன் பள்ளிப் படிப்பைக்கூட முடித்திருக்கவில்லை. கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டார். வெளியே வந்ததும் காய்கறி மொத்தச் சந்தையில் ஓட்டுநரானார். என்னைப் படிக்க வைத்ததும் எனக்குத் திருமணம் செய்து வைத்ததும் அந்தச் சம்பளம்தான். பிறகு சொந்தமாக ஒரு லாரி வாங்கினார். அவருக்கும் அண்ணிக்கும் குழந்தைகள் இல்லை. புக்கிட் பாஞ்சாங்கில் என் வீட்டுக்கு அடுத்த அடுக்குமாடி புளோக்கில் குடியிருந்தார்கள்.

சர்க்கரை நோய் அவருடைய இடது காலைக் கொண்டுபோனது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் காலோடு நடக்கப் பழகிய அண்ணனுக்கு கிளச் மிதிக்க முடியவில்லை. மருத்துவச் சோதனையிலும் ஓட்டுநர் சோதனையிலும் தேறி, ஆட்டோ கியர் வண்டி மட்டும் ஓட்டலாம் என்று அனுமதி வாங்கினார். பழைய லாரியைக் கொடுத்துவிட்டு, எங்கெங்கோ விசாரித்து ஆட்டோ கியர் லாரி ஒன்றைப் பிடித்தார். அதுவும் பழையதுதான். ஆனால் அதில் ஏறி உட்கார்ந்த அன்று அண்ணன் முகத்தில் பழைய தெளிவு வந்தது. மறுபடியும் சம்பாதிக்கிறவர் ஆனார்.

சில வருடம் ஓடிய பிறகு கியரில் கோளாறு தொடங்கியது. காலையில் கிளம்பும்போது ஒழுங்காக மாறும். வண்டி சூடானதும் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்குப் போகத் தயங்கும். எஞ்சின் உறுமும், வேகம் மட்டும் ஏறாது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள்.

அண்ணனுடைய நண்பர் நிஜாம் பாய் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறார். இருவரும் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். முதலில் கியர் எண்ணெய். எஞ்சினை ஓடவிட்டு, சூடான பிறகு அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தார்கள். அளவு சரியாக இருந்தது. சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் பழுப்பாகிக் கருகல் வாடை அடித்தது. புது எண்ணெய் ஊற்றினால் பழைய கியர்பாக்ஸ் சில சமயம் இன்னும் மோசமாகும் என்று பாய் முன்கூட்டியே எச்சரித்தார். வேறு வழியில்லை என்று அண்ணன் சொல்ல, எண்ணெயும் வடிகட்டியும் மாறின. கோளாறு மாறவில்லை.

அடுத்து ஒயர்களைப் பார்த்தார்கள். காய்கறிக் கூடைகளிலிருந்து சொட்டிய தண்ணீர் அடியில் இருந்த இணைப்பொன்றைத் துருப்பிடிக்க வைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்தார்கள். பிறகு, கியர் மாற எண்ணெயைத் திறந்துவிடும் மின்வால்வுகளை மாற்றினார்கள். அதற்குப் பிறகு லாரி நன்றாக ஓடியது. அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார். வழியெல்லாம் கியர் மாறும்போது பேச வேண்டாம் என்று கையைக் காட்டினாராம். அண்ணி சிரித்துக்கொண்டே அதை என்னிடம் சொன்னார். அந்த வீட்டில் சிரிப்பைக் கேட்டு நாளாகியிருந்தது.

மகிழ்ச்சி நிலைக்கவில்லை. சில நாள் கழித்து, சரக்கு இறக்கிவிட்டுத் தனியாக வீடு திரும்பும் வழியில், மேம்பாலத்து ஏற்றத்தில் லாரி முழுதாகக் கைவிட்டது. எஞ்சின் ஓடியது, சக்கரம் சுற்றவில்லை. இழுவை வண்டி வரும்வரை அண்ணன் வெயிலில் சாலையோரம் நின்றிருக்கிறார். அன்று செயற்கைக் கால் உரசி, அது பொருந்தும் இடம் புண்ணானது.

இனி முடியாது என்று பாய் சொல்லிவிட்டார். அண்ணன் விடவில்லை. பழைய சாமான் விற்கும் இடத்தில் அதே மாதிரி லாரியின் கியர்பாக்ஸ் ஒன்றைத் தேடி வாங்கி மாட்டச் சொன்னார். அதில் கியரைப் போட்டாலே வண்டி தூக்கிப் போட்டது. பின்னோக்கிச் செல்லவே இல்லை. நிறுவனங்களில் ஓட்டுநர் வேலைக்குக் கேட்டுப் பார்த்தோம். வயதையும் காலையும் கேட்டதும் பேச்சை முடித்துக்கொண்டார்கள். லாரியை உடைக்கக் கொடுத்த அன்று அண்ணன் உடன் போகவில்லை.

அதன் பிறகு அண்ணன் வீட்டை விட்டு இறங்குவதே அரிதானது. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். பஸ் சத்தம் கேட்டால் தலை திரும்பும். மாத்திரையை அண்ணி கையில் வைத்தால் போட்டுக்கொள்வார், இல்லாவிட்டால் கேட்க மாட்டார். வலது காலிலும் புண் வந்தது. மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிக்கொண்டே வந்தார். கடைசியில் சேர்த்தபோது கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள்.

அங்கே படுத்திருந்தபோதும் அவருக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. லாரியிலிருந்து முதலில் கழற்றிப் போட்ட பழைய கியர்பாக்ஸ் பாயின் பட்டறையிலேயே கிடந்தது. அதைப் பிரித்துப் பார்க்கும்படி என் மூலம் சொல்லி அனுப்பினார். பாய் பிரித்துப் பார்த்துவிட்டு, மருத்துவமனைக்கு வந்து வெளித் தாழ்வாரத்தில் என்னிடம் முதலில் சொன்னார். ஆட்டோ கியருக்கும் உள்ளே இருக்கும் கிளச் தட்டுகள் எல்லாம் கருகித் தேய்ந்திருந்தனவாம். அடித்தட்டு முழுக்க இரும்புத் தூளாம். அண்ணனிடம் இதைச் சொல்வதா என்று பாய் தயங்கினார். கேட்டது அவர்தானே, சொல்லுங்கள் என்றேன்.

பாய் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"மொத நாள் சிலிப் ஆனப்பவே உள்ள முடிஞ்சு போச்சு, அண்ணே."

அண்ணன் கேட்டார்: "அப்ப நாம செஞ்சது எதுவும் தப்பில்ல?"

"தப்பில்ல அண்ணே. ஆனா எத செஞ்சிருந்தாலும் ஓடியிருக்காது லா."

அண்ணன் தலையை அசைத்தார். பாயின் கையை ஒரு தரம் பிடித்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த வாரத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அண்ணியும் நானும் அருகில் இருந்தோம்.

மன நிறைவோடு கண்மூடினார் என்று இத்தகைய மலர்களில் எழுதுவார்கள். என் அண்ணனைப் பற்றி அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. உழைக்க ஆசைப்பட்டவர், உழைக்க வழியில்லாமல் போனார். அவரால் முடிந்ததையெல்லாம் முறையாகச் செய்தார், எதுவும் கைகொடுக்கவில்லை. அவர் வேண்டிய அமைதி இப்போதாவது அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று இறைவனை வேண்டுகிறேன். கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது.

காய்கறி தாமதமாக வந்த நாட்களிலும் வேறு ஆளைத் தேடிப் போகாத தேக்கா உணவகத்தாருக்கும் கடைக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. கடைசி நாட்களில் அவருடைய புண்ணைக் கழுவிக் கட்டிய தாதியருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும், எங்கள் புளோக் அண்டை வீட்டாருக்கும் நன்றி. நிஜாம் பாய்க்குத் தனியாக ஒரு நன்றி. சாகக் கிடந்த மனிதர் கேட்ட கேள்விக்கு, நாங்கள் யாரும் சொல்லத் துணியாத பதிலை, உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, உள்ளபடி சொன்னீர்கள்.